இளமையிற் பற்கேடும் அழகு வைத்தியமும்

(முதுகலை வகுப்பு மாணவன் ஒருவன்)

நகை என்னும் சொல் தமிழிற் பல பொருளை உணர்த்தி நிற்பது. புன்முறுவலும் நகை, பிறரை எள்ளிச் சிரித்தலும் நகை, அணிகலனும் நகை, பழைய செய்யுள் வழக்கிற் பல்லிற்கும் அதுவே பெயர். தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து, அது பிறத்தற்குரிய நிலைக்களன்களுள் எள்ளலையும் இளமையையும் எண்ணினார். இப்பொருள்கள் யாவும் ஓரிடத்து வந்து கூடுவதைக் காண விரும்புவோர், பல் பழுதுற்ற இளைஞன் ஒருவனை நோக்குவாராக. அவனுடைய பருவம் நகைத்தற்குரிய பருவம். நகைத்தாலோ பிறர் தன்னை நகைப்பரென்னும் அச்சம். ஆகவே, பெரும்பொருள் செலவிட்டேனும் அணிகலன் போன்ற பல்வரிசை ஒன்றைப் பெற்றுவிட வேண்டுமென்னும் வேட்கை.

பல்லினால் மக்கள் அடையும் பயன் மூன்று. உணவை அரைத்தல் ஒன்று. சொல்லைத் திருத்தமுற ஒலித்தல் ஒன்று. முகத்திற்குப் பொலிவு தருதல் ஒன்று. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்குமென்றும், வகரம் மேற்பல்லைக் கீழிதழ் உறப் பிறக்குமென்றும் நம் இலக்கண நூலார் வகுத்துள்ளனர். முன்பல் இழந்தவன் வாயில் தமிழ் தானும் சிதைவுறும். பல் போனாற் சொல் போயிற்று என்று நம் பாட்டிமார் கூறுவது வெறும் வேடிக்கையன்று. எனினும், இம்மூன்றனுள் முதலிரண்டிற்காக ஒருவன் வைத்தியரை நாடினால் அவனை அறிவுடையவன் என்கின்றோம். மூன்றாவதற்காக நாடினால் வீண் பகட்டுக்காரன் என்று இகழ்கின்றோம். இது நேர்மையாகுமா என்பதும், அழகை நாடும் இளைஞன் எதனை முன்னும் எதனைப் பின்னும் கொள்ளவேண்டுமென்பதுமே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. யான் இருபத்து மூன்று வயதினன். என் வாயில் முளைத்த இருபத்தெட்டுப் பற்களுள் இரண்டு கடைவாய்ப்பற்கள் பதினேழாம் வயதிலேயே பிடுங்கப்பட்டன. எஞ்சியவற்றுள் பதினொன்று சொத்தையுற்றன. மேல்வரிசை முன்பற்கள் நான்கின் இடையிடையே கருமை படர்ந்தது. அவற்றுள் ஒன்று, சென்ற ஆண்டு விடுதியில் முறுக்குத் தின்றபோது மூலை பெயர்ந்து விழுந்தது. அன்றுமுதல் வகுப்பிற் கட்டுரை வாசிக்கும்போதெல்லாம் இடக்கை தானே எழுந்து வாயை மறைக்கும். கலாசாலை நாளன்று எடுத்த புகைப்படத்தில் நாற்பதின்மர் நகைத்து நிற்க, யானொருவன் உதடுகளை இறுக மூடி, யார்மீதோ சினங்கொண்டான் போல நிற்கின்றேன். என் பேச்சையும் கையையும் நடித்துக்காட்டி நண்பர் ஒருவர் விடுதியிற் சிரிப்பூட்டினார் என்று பின்னர்க் கேள்வியுற்றேன். அவர்மீது எனக்குப் பகையில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கமும் இல்லை.

இளமையிற் பல் கெடுதற்குக் காரணம் யாது? பல்லைப் புழு அரிப்பதாகவே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1728ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுப் பல் வைத்தியராகிய பியேர் ஃபோஷார் தாம் இயற்றிய பெருநூலில், அத்தகைய புழுவைத் தாம் கண்டதில்லையென மறுத்தார். 1890ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த அமெரிக்கராகிய மில்லர் என்பார் உண்மையை விளக்கினார். நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பண்டத்தையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன; அவ்வமிலம் பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமலைக் கரைக்கின்றது. எனாமலோ நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடியது, ஆயினும் உயிரற்றது. எலும்பு முறிந்தாற் கூடும். தோல் கிழிந்தால் வளரும். எனாமல் குழிந்துபோனால் மீண்டும் வளர்வதில்லை. அதனைப் படைத்த உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அழகு வைத்தியத்தைப்பற்றி எண்ணுவோர் யாவரும் முதலில் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

ஒவ்வொரு முறை இனிப்பு உட்செல்லும்போதும் வாயில் எழும் அமிலம் அடங்குவதற்கு ஏறக்குறைய அரைமணி முதல் ஒருமணி நேரம் செல்லும். அதன்பின் உமிழ்நீர் தான் கொண்டுள்ள சுண்ணச்சத்தினால், குழியாகாத சிறு சிதைவுகளை ஒருவாறு செப்பனிடுகின்றது. ஆதலின், எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைப் போலவே, எத்துணை முறை உண்டோம் என்பதும் முக்கியமாகும். தேர்வுக்குப் படிக்கும் இரவுகளில் மணிக்கொரு முறை சர்க்கரை மிகுந்த தேநீரும், இடையிடையே ரொட்டித்துண்டும், வெயிற்காலத்திற் குளிர்பானமும் அருந்திய யான், உமிழ்நீருக்கு ஓய்வே அளித்தேனில்லை. காலையிற் கரித்தூள் கொண்டு வலிந்து தேய்த்து, இரவில் ஒன்றுஞ் செய்யாமல் உறங்கினேன். கரித்தூள் அழுக்கோடு பல்லையும் அராவும் என்பதை அறியேன். என் பங்கிற்குரிய குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால், பல் கெட்டவர் யாவரும் தம் குற்றத்தாலேயே கெட்டவர் என்று கூறுதல் பெரும்பிழை. சிலர்க்கு எனாமல் பிறப்பிலேயே குறைவுடையதாய் அமைகின்றது. சிலர்க்கு உமிழ்நீரை வற்றச்செய்யும் மருந்துகள் காரணம். சிலர்க்கு இரைப்பையின் புளிப்பு மேலெழுந்து பல்லைக் கரைக்கின்றது. இன்னுஞ் சிலர்க்கு ஊர் நீரே பகை. தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதனால், சிறுபருவத்தில் அந்நீரைப் பருகி வளர்ந்தோர் பலர்க்குப் பற்கள் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபட்டு முளைத்தன. காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னர்ப் பல் முளைத்த இளைஞர் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அமெரிக்காவிற் கொலராடோ மலைப்பாங்கில் இத்தகைய கறையைக் கண்ட மக்கே என்னும் பல் வைத்தியர், 1901ஆம் ஆண்டு முதல் அதன் காரணத்தைத் தேடினார். ஃபுளோரைடே காரணமென்பது 1931ஆம் ஆண்டிற்றான் தெளிவாயிற்று. முப்பதாண்டு ஆராய்ந்து கண்ட காரணத்தை ஓராது, ஒருவன் வாயைக் கண்ட அரை நொடியில், இவன் பல் துலக்காதவன் என்று தீர்ப்பளிப்பது அறிவாகாது.

இனி, அழகை விரும்புதல் தவறோ என்னும் வினாவிற்கு வருவோம். தவறென்பார் கூறுவது இது: உடலழகு நிலையாதது, கற்றவனுக்குக் கல்வியே அழகு, பல்லைக் காட்டித் திரிவது பண்புடையோர் செயலன்று. இக்கூற்றில் உண்மையில்லையென்று யான் கூறேன். ஆனால், இதனைக் கூறுவோர் பெரும்பாலும் நல்ல பல்லுடையோராகவே இருத்தலைக் கண்டிருக்கின்றேன். பசித்தவனிடம் உண்ணாநோன்பின் சிறப்பை உணவுண்டவன் உரைப்பது போன்றது அது. வாயை மூடிக்கொண்டவன் முகப்பொலிவை மட்டும் இழப்பதில்லை. வகுப்பில் வினவ எழான், மேடையேறான், புதியவரோடு பேசான், வேலைக்கு நேர்முகம் காணச் சென்றவிடத்து அறிந்ததையும் அரைகுறையாக முணுமுணுத்து மீள்வான். பெண்களுக்கோ பெண்பார்க்கும் நாளில் நேரும் இழிவு வேறு. முகத்தின் குறை உள்ளத்திற் குடிபுகுந்துவிட்டபின் அதனை வெறும் தோற்றக்குறை என்றல் பொருந்தாது.

அமெரிக்க நாட்டின் முதற்றலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் வரலாற்றை நோக்குக. இருபத்து நான்காம் வயதிலேயே அவர் பல் பிடுங்குவித்தார். 1789ஆம் ஆண்டிற் பதவியேற்றபோது, ஐம்பத்தேழு வயதினராகிய அவர் வாயில் எஞ்சியிருந்த இயற்கைப்பல் ஒன்றே. மரத்தாற் பல் கட்டியிருந்தார் என்று கூறுவது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், உலோகம், பிற மனிதரின் பற்கள் ஆகியவற்றால் ஆக்கிய கட்டுப்பற்களை அவர் அணிந்தார். அவை உதடுகளை முன்தள்ளி அவருக்குப் பெருந்துன்பம் விளைத்தன. அடிமைப்பட்ட நீக்ரோ மக்களிடமிருந்து ஒன்பது பற்கள் விலைக்குப் பெற்றதாக 1784ஆம் ஆண்டுக் கணக்கேடு காட்டுகின்றது. படை நடத்திய வீரரையும் பற்கேடு நாணச் செய்தது என்பது இதனாற் பெறப்படும். பல்லழகிற்குச் செலுத்தும் விலை சிற்சில வேளைகளிற் பிறர் தலையில் விழும் என்பதும் பெறப்படும். நம் இல்லங்களில் அவ்விலை தந்தையின் சேமிப்பிலும் தாயின் நகையிலும் விழுகின்றது.

அழகென்பது எங்கும் எக்காலத்தும் ஒன்றாகவே இருப்பதுமன்று. ஜப்பான் நாட்டில் மணமான மகளிரும் உயர்குடியினரும் பல்லைக் கருநிறமூட்டிக்கொள்வதையே அழகெனப் போற்றினர். 1870ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு உயர்குடியினர்க்கு அவ்வழக்கத்தை விலக்கியது. 1873ஆம் ஆண்டில் அரசியார் வெண்பல்லோடு தோன்றியபின் பிறரும் படிப்படியாகக் கைவிட்டனர். இன்று கைப்பேசித் திரைகளில் தோன்றும் பல்வரிசைகளோ பீங்கான் கிண்ணம் போல வெளுத்து, ஒன்றுபோல் ஒன்று அமைந்து காணப்படுகின்றன. இயற்கைப்பல் அத்துணை வெண்மையுடையதன்று. எனாமலின் கீழுள்ள பகுதி இயல்பிலேயே இளமஞ்சள் நிறத்தது. இல்லாத வெண்மையை அளவுகோலாகக் கொண்டால், நல்ல பல்லும் குறையுடையதாகவே தோன்றும். ஆகவே, அழகை விரும்புதல் தவறன்று. எவருடைய அழகை விரும்புகின்றோம் என்று ஆராயாமல் விரும்புதலே தவறு.

அழகு வைத்தியம் என்று இக்காலத்து வழங்குவன எவை? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹாலிவுட் நகரிற் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், திரைப்பட நடிகர்களின் பல்மீது மெல்லிய தகடுகளை ஒட்டி அழகுபடுத்தினார். அவை படமெடுக்கும் வேளைக்கு மட்டும் உரியவை, பின்னர்க் கழற்றப்படுவன. 1955ஆம் ஆண்டிற் புவனகோர் என்னும் அமெரிக்க அறிஞர், எனாமலின் மேற்பரப்பை மெல்லிய அமிலத்தால் நுண்ணிதாகச் சொரசொரப்பாக்கினாற் பிசின் அதனை உறுதியாகப் பற்றும் என்று கண்டார். இதன்பின்னரே பல்லின் நிறமுடைய பிசினால் உடைந்த மூலையை ஒட்டுவதும், 1980ஐ அடுத்த ஆண்டுகளிற் பீங்கான் முகத்தகடுகளை நிலையாகப் பதிப்பதும் இயல்வதாயின. வெனீர் என விளம்பரங்களிற் காண்பது இதுவே. சுவீடன் நாட்டுப் பிரோனமார்க் என்பார், டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிவிடுதலை 1952ஆம் ஆண்டளவிற் கண்டு, 1965ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு மனிதர்க்குத் தாடையிற் பல்வேர் நாட்டினார். இவை யாவும் மக்கட்கு நன்மை பயந்த அருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஒவ்வொன்றும் தருவதை நோக்குவதோடு கொள்வதையும் நோக்கவேண்டும். பல்லை வெளுக்கச் செய்யும் மருந்து பல்லை அராவுவதில்லை. சின்னாட் கூச்சம் தரும். ஆனால் அடைத்த பல்லையும் கேப் போட்ட பல்லையும் அது வெளுக்கச் செய்யாது. பிசினால் ஒட்டுவதற்கு நல்ல பல்லைச் சிறிதும் அராவாமலோ மிகச் சிறிதே அராவியோ முடிக்கலாம், கறைபடும், உதிரும், எனினும் மீண்டும் ஒட்டலாம். பீங்கான் தகட்டிற்குப் பெரும்பாலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் எனாமலை அராவுவர். பல் முழுதையும் மூடும் கேப்பிற்கு நாற்புறமும் அராவவேண்டும். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராய்வின்படி, வெளித்தெரியும் பல்லில் நூற்றுக்கு அறுபது பங்கிற்கு மேல் அதனால் நீங்கிவிடும். தகட்டிற்கோ நீங்குவது, அமைப்பிற்கேற்ப, நூற்றுக்கு 3 முதல் 30 பங்கு. அராவியது மீள்வதில்லை என்று முன்னரே கூறினேன். தகடு பத்துப் பதினைந்தாண்டு உழைத்தால் நன்றாக உழைத்ததாகக் கொள்வர். அறுபது வயதினர் ஒருவர்க்கு அது வாழ்நாளில் ஒருமுறைச் செலவாகலாம். இருபத்து மூன்று வயதினனுக்கோ மும்முறையும் நான்முறையும் வரும் செலவு. ஒவ்வொரு முறையும் அடிப்பல் சிறிது மெலியும். விளம்பரம் கூறாத கணக்கு இது.

நோய்க்கு அஞ்சி நல்ல பல்லையும் துறந்த காலம் ஒன்று மேனாட்டில் இருந்தது. 1910ஆம் ஆண்டிற் கனடா நாட்டு மொண்ட்றியல் நகரில் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். வாயிலுள்ள அழுக்கே உடலிற் பல நோய்களுக்கு வித்தென்று அவர் கூறியதைப் பற்றிக்கொண்டு, வைத்தியர் பலர் நோயாளிகளின் பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கலாயினர். இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றில், இருபத்தொன்றாம் பிறந்தநாளின்போதோ திருமணத்திற்கு முன்னரோ எல்லாப் பற்களையும் பிடுங்குவித்துப் பல்செட்டு அணிவித்தலைப் பரிசாகவே கருதினர். பின்னாட் செலவும் வலியும் ஒழியும் என்பது அவர் எண்ணம். 1948ஆம் ஆண்டில் அந்நாட்டில் யாவர்க்கும் இலவச வைத்தியம் தொடங்கியபோது பல்செட்டிற்குக் கூடிய கூட்டம் அரசையே திகைக்கச் செய்தது. 1951ஆம் ஆண்டில் அதற்குக் கட்டணம் விதிக்கப்படவே, அவ்வைத்திய ஏற்பாட்டை நிறுவிய அமைச்சர் பெவன் பதவி துறந்தார். அன்று அச்சத்தால் நல்ல பல்லைப் பிடுங்கினர். இன்று ஆசையால் நல்ல பல்லை அராவுகின்றனர். இரண்டிலும் இழப்பது மீளாப் பொருளே.

என் வரலாற்றிற்கு மீள்கின்றேன். முதலில் யான் சென்றது பெருநகரில் ஒரு தனியார் வைத்தியசாலை. அங்கே கணிப்பொறித் திரையில் என் முகத்தைக் காட்டி, அதன்மேற் பன்னிரண்டு வெண்பற்களை வரைந்து காட்டினர். அப்படத்திற் கண்ட இளைஞனாகிவிட வேண்டும் என்று என் உள்ளம் துடித்தது உண்மை. பழுதில்லாத பற்களையும் சேர்த்து அராவ வேண்டும் என்றனர். தவணையிலும் பணம் செலுத்தலாம் என்றனர். கணக்கிட்டபோது, ஆலையிற் பணிசெய்யும் என் தந்தையாரின் ஈராண்டு ஊதியத்திற்கு மேலாயிற்று. அடுத்து எங்கள் ஊர் வைத்தியர் ஒருவரிடம் சென்றேன். அவர், மேல்வரிசை முழுதையும் எடுத்துவிட்டுப் பல்செட்டு வைத்துக்கொண்டால் தொல்லை தீரும் என்றார். ஒருவர் அனைத்தையும் மூடுக என்றார். ஒருவர் அனைத்தையும் பிடுங்குக என்றார். என் பல்லைக் காப்பாற்றலாம் என்று இருவரும் கூறவில்லை.

மூன்றாவதாக, அரசினர் பல் வைத்தியக் கல்லூரி ஒன்றின் புறநோயாளர் பகுதிக்குச் சென்று அரைநாள் காத்திருந்தேன். முதிய அம்மையார் ஒருவர் மாணவர் புடைசூழ என் வாயை ஆராய்ந்தார். எக்ஸ்ரே படமும் எடுப்பித்தார். முன்பற்கள் நான்கும் பழுதுற்றவையாயினும் வேர் உறுதியுடையன; பின்பற்கள் மூன்றிற் சொத்தை நரம்பை எட்டிவிட்டது; ஈறு வீங்கிக் குருதி கசிகின்றது என்று விளக்கினார். "ஐயையோ, அம்மா, முன்பல்லை மட்டும் முதலில் அழகாக்கித் தாருங்கள், அடுத்த மாதம் எனக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது" என்று வேண்டினேன். அவர் நகைத்து, "தம்பி, சுவரில் ஊறும் ஈரத்தை நிறுத்தாமல் வெள்ளையடித்தால் எத்தனை நாள் நிற்கும்? முதலில் ஈரத்தை நிறுத்துவோம். வெள்ளையடிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே" என்றார். அச்சொல்லின் பிற்பகுதியே என்னைத் தேற்றியது. என் விருப்பத்தை அவர் இகழவில்லை. அதற்குரிய இடத்தை மட்டும் காட்டினார்.

அவ்வண்ணமே நடந்தது. முதலிற் பற்களை அழுக்ககற்றி ஈற்றின் நோயைத் தணித்தனர். சொத்தைகளை அகழ்ந்து அடைத்தனர். நரம்புவரை கெட்ட மூன்றில் இரண்டிற்கு வேர்ச்சிகிச்சை செய்து கேப் போட்டனர். ஒன்றைக் காக்க இயலாமையால் எடுத்துவிட்டனர். இரவிற் பல் துலக்குதலையும், ஃபுளோரைடு கலந்த பற்பசையைக் கைக்கொள்ளுதலையும், தேநீரைச் சர்க்கரையின்றிப் பருகுதலையும் பழக்கினர். மூன்றாம் மாதத்திற் குருதிக்கசிவு நின்றது. அதன்பின்னரே முன்பற்கள் நான்கிற்கும் பிசினால் உருவளித்தனர். அதற்கு ஒரு முற்பகற் பொழுதே போதியதாயிற்று. இழந்த கடைவாய்ப்பற்களின் இடத்தில் உலோகவேர் நாட்டுவதைப்பற்றி, ஈறு ஓராண்டு நலமாக நின்றபின் எண்ணலாம் என்று அம்மையார் கூறியுள்ளார். நேர்முகத் தேர்விற்குப் பழைய பல்லோடுதான் சென்றேன். அவ்வேலை எனக்குக் கிட்டவில்லை. அது பல்லினாலோ பாடத்தினாலோ, யான் அறியேன். ஆயினும், அம்மாதத்திற் பன்னிரண்டு பற்களை அராவிக்கொண்டு சென்றிருந்தால், வேலை கிட்டாமற்போன துயரோடு மீளாக் கடனும் மீளாப் பல்லும் சேர்ந்திருக்கும்.

இதனாற் பீங்கான் தகடும் கேப்பும் யாவர்க்கும் வேண்டாதவை என்று யான் கூறியதாகக் கொள்ளற்க. பிறப்பிலேயே எனாமல் குறைந்தோர்க்கும், ஃபுளோரைடினால் மிகச் சிதைந்த பல்லுடையோர்க்கும், விபத்திற் பல் முறிந்தோர்க்கும் அவை பெருந்துணையாகும். எல்லாப் பற்களையும் இழந்துவிட்ட இளைஞர் பல்செட்டு அணிதலும் நாணத்தக்கதன்று. கண்ணாடி அணிவதிலும் அது எவ்வகையிலும் இழிந்ததன்று. யான் வற்புறுத்துவது முறை ஒன்றையே. முதலில் வலியையும் நோயையும் நீக்குக. அடுத்து மெல்லும் ஆற்றலை மீட்க. அதன்பின் அழகைத் தேடுக. தேடும்போதும் பல்லை மிகுதியாகக் காக்கும் வழியையே முதலிற் கொள்க.

இத்தகைய சிகிச்சையை எண்ணும் நண்பர்கள் வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவுண்டு. என் பல் கெட்ட காரணம் யாது, அது நின்றுவிட்டதா? நல்ல பல்லில் எவ்வளவு அராவுவீர்? அராவாமற் செய்யும் வழி இல்லையா? இது எத்தனை ஆண்டு உழைக்கும், உடைந்தால் என்ன செய்வது, அப்போது செலவு எவ்வளவு? ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் பொறுத்தால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு முகம் சுளிக்காமல் விடையிறுப்பவரே நாம் நாடத்தக்க வைத்தியர். இன்றே முன்பணம் செலுத்தினாற் குறைந்த கட்டணம் என்பாரிடத்திருந்து எழுந்து வருதல் நலம். பல் போகும் வேகத்தைக் காட்டிலும் பணம் போகும் வேகம் மிகுதியாயின், மற்றொரு வைத்தியர் கருத்தையும் கேட்டறிக.

இறுதியாக, நம் கலாசாலையார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மாணவரின் கண்ணையும் எடையையும் சோதிக்கும் நாளில், வாயையும் சோதிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பல் வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர்கள் ஆண்டில் ஒருநாளை இதற்கு அளிப்பாராயின், சொத்தை சிறிதாயிருக்கும்போதே சிறு செலவில் தீர்ந்துவிடும். விடுதியிற் சர்க்கரையைத் தேநீரிற் கலவாமல் தனியே வைத்தாற் போதும், வேண்டுவோர் இட்டுக்கொள்வர். ஆசிரியப் பெருமக்கள், வாயை மறைத்துப் பேசும் மாணவனைக் கையை எடு என்று அதட்டுமுன், அக்கை அங்கே சென்ற காரணத்தைச் சிறிது எண்ணுவாராக.

உடன்பயிலும் நண்பர்களே, உங்கட்குக் கூறவேண்டுவது ஒன்றே. நல்ல பல் அமையப்பெற்றீராயின், அதில் உம் முயற்சியோடு ஊர் நீரும் பெற்றோர் பேணலும் நற்பேறும் கலந்திருப்பதை மறவாதீர். பழுதுற்ற பல்லுடையானைக் கண்டு நகையாதீர். அவனோடு சேர்ந்து நகையுங்கள். இவ்வாண்டுக் கலாசாலை நாட் புகைப்படம் இம்மலரில் வெளிவரும். அதன் இரண்டாம் வரிசையிற் பல் தெரிய நிற்பவருள் யானும் ஒருவன். என் பற்கள் முத்தை ஒத்தனவல்ல. நிறத்திலும் வரிசையிலும் குறையுடையனவே. ஆயினும் அவை பெரும்பாலும் என்னுடையன.